முதலீட்டாளரைக் கொண்டுவந்தவருக்குத் தரகு உண்டா?

(மும்பையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சட்ட சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள். ஆனால் உயில் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூன்று பேர் பேசியாகிவிட்டது" என்று நமது காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஆகவே, எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே உறவைக் கெடுக்கக்கூடிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனைக்கோ கட்டடத்துக்கோ பணம் போட ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். அதற்கான தரகு யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

நான் வங்கியின் சட்டப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு, தெரிந்தவர்களின் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடித்துவைக்கும் வேலை தானாக வந்து சேர்ந்தது. பாகப்பிரிவினைதான் அதிகம் வரும் என்று எதிர்பார்த்தேன். தரகுத் தகராறும் அதற்குக் குறைவில்லாமல் வருகிறது. அதுவும் தொழில்முறைத் தரகர்களிடமிருந்து வருவது குறைவு. அவர்களுக்குப் பணத்தை வசூலிக்கத் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் நம்மைப் போன்றவர்கள். ரிடையர் ஆன பிறகு நாலு பேரைத் தெரியும், ஒருவரிடம் பணம் இருக்கிறது, இன்னொருவரிடம் மனை இருக்கிறது, இருவரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்தவர்கள். இந்த ஹாலிலும் பத்துப் பேராவது இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன்.

நமக்கு ஒரு சங்கோசம் உண்டு. தரகு வாங்குவதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் அதை வாய்விட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம். "அவராகப் பார்த்துச் செய்வார்" என்று விட்டுவிடுகிறோம். அவரோ, "மாமா உதவியாகத்தான் செய்தார், காசு கொடுத்தால் தப்பாக நினைப்பார்" என்று நினைத்துக்கொள்கிறார், அல்லது நினைப்பதாகச் சொல்கிறார். ஒரு தெருத் தரகரிடம் இந்தக் குழப்பமே வராது. அவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே "ரெண்டு பர்சண்ட்" என்று சொல்லிவிடுவார்.

நான் கடைசியாகப் பேசி முடித்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். ஊர், ஆள் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். செம்பூரில் இருக்கும் ஒரு நண்பர். புனே அருகே ஒரு பில்டருக்கு அடுக்குமாடிக் கட்டடம் ஆரம்பிக்க 6 கோடி தேவைப்பட்டது. நண்பருடைய ஷட்டகர் ஹைதராபாத்தில் இருக்கிறார். அவர் மூலமாக அந்த ஊர் வியாபாரி ஒருவருடைய டெலிபோன் நம்பர் கிடைத்தது. நண்பர் அவரிடம் பேசினார், புனேக்கு வரவழைத்தார், மனையைக் காட்டினார், டைட்டில் டாகுமெண்டுகளை உட்கார்ந்து விளக்கினார். பில்டர் வாய் வார்த்தையாக 2 சதவீதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதாவது 12 லட்சம். இரண்டு சந்திப்புகள் நடந்தன. பிறகு வியாபாரி, "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நண்பரும் மறந்துவிட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் நண்பருக்குத் தகவல் வருகிறது: அந்த ஹைதராபாத்காரர் அதே பில்டரிடம் 4 கோடி போட்டிருக்கிறார்! நண்பர் போன் செய்தார். பில்டர் அடுக்கிக்கொண்டே போனார். "நீங்கள் கொண்டுவந்தது ஃபிளாட் வாங்கும் ஆசாமியாக. இப்போது வந்திருப்பது கடன். நீங்கள் விட்டுப்போன விஷயத்தை என் ஆடிட்டர்தான் பேசி முடித்தார். ஏழு மாதம் வேறு ஆகிவிட்டது." இது போதாதென்று ஹைதராபாத்திலிருந்து ஷட்டகர், "அத்திம்பேர், நம்பர் கொடுத்தது நான்தானே, வர்றதுல பாதி எனக்குன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். வராத பணத்துக்குப் பாகப்பிரிவினை!

தரகுத் தகராறுகளின் வகைகள் அனேகமாக எல்லாமே இந்த ஒரு கதையில் அடங்கிவிட்டன. ஆகவே இதை வைத்துக்கொண்டே சட்டத்தைப் பார்ப்போம்.

நமது நாட்டில் இதற்கு அடிப்படை 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 219-ஆவது பிரிவு, தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், ஏஜெண்டுக்குக் கொடுத்த காரியம் பூர்த்தியாகும் வரை அவருக்கு ஊதியம் சேராது என்கிறது. இதில் கவனிக்க வேண்டியது "காரியம்" என்ற வார்த்தை. உங்களுக்குக் கொடுத்த காரியம் என்ன? ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதா, அல்லது பணம் பில்டரின் கணக்கில் ஏறும் வரை கூடவே இருப்பதா? அதைச் சட்டம் சொல்லாது. உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்களோ அதுதான் சொல்லும். பேசிக்கொள்ளாவிட்டால், பின்னால் ஒரு ஜட்ஜ் ஊகித்துச் சொல்வார்.

இதற்கு இரண்டு பழைய வழக்குகளைச் சொல்வது வழக்கம். ஒன்று இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை தீர்மானித்த லக்ஸர் வழக்கு. ஈஸ்ட்போர்ன் ஊர்ப் பக்கம் சில சினிமாத் தியேட்டர்கள் விற்பனைக்கு வந்தன. விற்பனை முடிந்தால் தரகருக்கு 10,000 பவுண்டு என்று பேச்சு. தரகர் ஆளைக் கொண்டுவந்துவிட்டார், ஆளும் வாங்கத் தயார். ஆனால் சொந்தக்காரர்கள் மனம் மாறி விற்கவில்லை. தரகர் வழக்குப் போட்டார், தோற்றார். விற்பனை முடிந்தால்தான் பணம் என்று ஒப்புக்கொண்டவர், விற்பனை நடக்காமல் போகும் ஆபத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார் என்று தீர்ப்பு. அந்தத் தொகை ஒரு லார்ட் சான்சலரின் ஒரு வருஷ ஊதியத்துக்குச் சமம், எட்டு ஒன்பது நாள் வேலைக்கு அவ்வளவு கிடைக்குமென்றால் அந்த ஆபத்தைத் தாங்கலாம் என்ற பொருளில் ஒரு நீதிபதி குறிப்பிட்டிருக்கிறார். ஜட்ஜுகளுக்கும் தரகர்களின் வருமானம் உறுத்தும் போலிருக்கிறது.

இரண்டாவது நம் நாட்டு வழக்கு. கல்கத்தாவில் அம்ரதல்லா தெருவில் ஒரு கட்டடம். சொந்தக்காரர் 1943-இல் தரகருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பேன். விலை ஒரு லட்சத்துக்குக் குறையக்கூடாது. அந்த விலைக்கு வாங்குபவரைக் கண்டுபிடித்தால் 1,000 ரூபாய். 1,05,000-க்கு மேல் 1,10,000 வரை போனால், 1,05,000-க்கு மேற்பட்ட தொகை முழுதும் தரகருக்குக் கூடுதலாக. 1,10,000-ஐயும் தாண்டினால், தாண்டிய தொகையில் இருபத்தைந்து சதவீதம் இன்னும் கூடுதலாக. இந்த அதிகாரம் ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லும். தரகர் அந்த மாதத்துக்குள் ஆளைப் பிடித்துவிட்டார். பிறகு சொந்தக்காரர், தரகரை ஒதுக்கிவிட்டு வாங்கும் தரப்பாரோடு நேரடியாக விவகாரத்தை முடித்துக்கொண்டார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1950-இல் தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு விஷயம். ஆளைக் கண்டுபிடித்து விலை பேசும் அதிகாரம் பெற்ற தரகர், சொந்தக்காரருக்குப் பதிலாகத் தானே விற்பனை ஒப்பந்தம் செய்துவிட முடியாது. ஆனால் சொன்ன காலத்துக்குள் சொன்ன விலைக்கு ஆளைக் கொண்டுவந்து, காரியமும் நடந்துவிட்ட பிறகு, அவருடைய தரகை இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் "விற்பனை முடிந்தால்", மற்றொன்றில் "வாங்குபவரைக் கண்டுபிடித்தால்". லட்சக்கணக்கான ரூபாய் இந்த இரண்டு மூன்று வார்த்தைகளின் மேல்தான் நிற்கிறது. 1943-இல் கல்கத்தாவில் ஒருவர் ஒரே பத்தியில் எழுதி வாங்கிக்கொண்டதை, இன்று கையில் ஸ்மார்ட்ஃபோன் வைத்துக்கொண்டிருக்கும் நாம் எழுதி வாங்குவதில்லை.

இப்போது புனே பில்டரின் வாதங்களுக்கு வருவோம். "ஆடிட்டர் முடித்தார்" என்பது முதலாவது. இங்கே கோர்ட்டுகள் பார்ப்பது, காரியம் நடந்ததற்கு உண்மையான காரணம் யார் என்பதை. அறிமுகம் செய்துவிட்டால் மட்டும் போதாது. ஆனால் அந்த அறிமுகத்தின் தொடர்ச்சியாகவே காரியம் நடந்திருந்தால், கடைசிக் கையெழுத்தின்போது நீங்கள் அறையில் இல்லை என்பது உங்கள் உரிமையைப் போக்காது. நண்பர் மனையைக் காட்டினார், டாகுமெண்டை விளக்கினார். ஆடிட்டர் வந்தது அதற்குப் பிறகு. இதுவே ஹைதராபாத்காரர் வேறொருவர் மூலமாக, புதிதாக, இரண்டு வருஷம் கழித்து வந்திருந்தால் நான் பில்டர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

"ஏழு மாதம் ஆகிவிட்டது" என்பது அடுத்தது. காலக்கெடு எதுவும் பேசாதபோது ஏழு மாதம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் தொழில்முறைத் தரகர்களின் ஒப்பந்தங்களைப் பாருங்கள், "நான் அறிமுகப்படுத்தியவரோடு இத்தனை மாதத்துக்குள் எந்த வகையில் வியாபாரம் முடிந்தாலும் என் தரகு உண்டு" என்று ஒரு வரி இருக்கும். "எந்த வகையில்" என்ற இரண்டு சொற்கள்தான், "இது விற்பனை இல்லை, கடன்" என்ற மூன்றாவது வாதத்துக்கும் பதில். பணம் போடுபவரைக் கொண்டுவருவதில் இது சகஜம். அவர் ஃபிளாட்டாக வாங்கலாம், கூட்டாளியாகச் சேரலாம், கடனாகக் கொடுக்கலாம். பேச ஆரம்பிக்கும்போது ஒன்று, முடியும்போது வேறொன்று. விற்பனைக்கு மட்டும் தரகு என்று பேசியிருந்தால் கஷ்டம்தான்.

எவ்வளவு என்பதிலும் சிக்கல் உண்டு. பேசியது 6 கோடி, வந்தது 4 கோடி. அதுவும் தவணையாக வந்தால்? முதல் தவணை வந்து இரண்டாவது வராமலே போனால்? பணம் வர வர, வந்த தொகைக்கு மட்டும் தரகு என்பதுதான் இருவருக்கும் நியாயம் என்பது என் அபிப்ராயம். முழுத் தொகைக்கும் முன்னாலேயே தரகு கேட்பவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நண்பரைக் காப்பாற்றியது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஆரம்ப நாட்களில் பில்டர் எழுதியது: "உங்கள் 2 சதவீதம் ஞாபகம் இருக்கிறது, பணம் வந்ததும் செய்துவிடுகிறேன்." சதவீதமும் இருக்கிறது, எப்போது என்பதும் இருக்கிறது. "ஃபிளாட் விற்றதும்" என்று இல்லை, "பணம் வந்ததும்" என்று இருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகள் கோர்ட்டில் செல்லும். ஜூலை 2024 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே ஃபோனை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். பேரனிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பத்திரப்படுத்திக் கொடுப்பான்.

செய்தியைக் காட்டியதும் பில்டரின் குரல் இறங்கிவிட்டது. 4 கோடிக்கு 2 சதவீதம் 8 லட்சம். பேசி 6 லட்சத்தில் முடிந்தது. கம்பெனி என்பதால் வருமான வரி 2 சதவீதம் பிடித்துக்கொண்டு 5,88,000-க்குச் செக் கொடுத்தார். ஷட்டகருக்கு நம்பர் கொடுத்ததற்காக ஒன்றரை லட்சம் என்று நான் சொன்னதை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். பணம் பட்டுவாடா ஆகிவிட்டது. ஆனால் இரண்டு சகோதரிகளுக்கும் பேச்சுவார்த்தை நின்று போய்விட்டது. அந்த வீட்டு மாமி என்னிடம், "ஒன்றரை லட்சத்துக்கு என் தங்கையை வித்துட்டேளே" என்றார். நான் என்ன பதில் சொல்வது?

அடுத்து, இரண்டு பக்கமும் தரகு வாங்குவதைப் பற்றி. வீடு விற்பனையில் இது வழக்கம்தான், இருவருக்கும் தெரியும். ஆனால் பணம் போடுபவர், "இவர் நம் பக்கத்து ஆள், நமக்காக விசாரித்துச் சொல்கிறார்" என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, பில்டரிடம் ரகசியமாகத் தரகு பேசுவது வேறு. ஏஜெண்ட் தன் எஜமானருக்குத் தெரியாமல் தனக்காக வியாபாரம் செய்தால் அந்த லாபத்தை எஜமானர் கேட்டு வாங்கலாம் என்கிறது 216-ஆவது பிரிவு. தவறாக நடத்திய காரியத்துக்கு ஏஜெண்டுக்கு ஊதியமே கிடையாது என்கிறது 220. சட்டம் கிடக்கட்டும், ரிடையர் ஆன ஒருவருடைய பிராவிடண்ட் ஃபண்டு பணத்தை "நல்ல பில்டர்" என்று சொல்லிப் போடவைத்துவிட்டு, அந்தச் சிபாரிசுக்குப் பின்னால் 3 சதவீதம் இருந்தது என்பதை மறைத்தவரை நான் பார்த்திருக்கிறேன். கட்டடம் தூண்களோடு நின்றுவிட்டது. பணம் போட்டவரும் அவரும் ஒரே கோயிலுக்கு வந்து, ஒருவர் போன பிறகு மற்றவர் சேவிக்கிறார்கள்.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா என்கிறோமே, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்யவேண்டிய திட்டங்களில் ஃபிளாட்டையோ மனையையோ விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுகள் தாங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்றுக் கொடுக்கவும் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறலாம். "நான் ஏஜெண்டே இல்லை, தெரிந்தவருக்குச் சொன்னேன், அவ்வளவுதான்" என்பார்கள். சொன்னதற்குக் கட்டணம் வாங்கினால் ஏஜெண்டுதான். வெறும் கடன் ஏற்பாடு செய்தவரை அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் நேராகக் கொண்டுவருவது கஷ்டம். ஆனால் பணம் போடுபவருக்குப் பத்து ஃபிளாட் எழுதிக்கொடுப்பதாக ஏற்பாடு என்றால் அது விற்பனையேதான். பதிவில்லாதவர் அதற்குத் தரகு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி பதிவு எண் என்ன என்பதாக இருக்கும்.

பலரிடம் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று வாங்கி மாதாமாதம் வட்டி தருவதாகச் சொல்லும் நிலத் திட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எவ்வளவு கமிஷன் சொன்னாலும் வேண்டாம். ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் வருஷத்துச் சட்டம், தெரிந்தே தவறான வாக்குறுதி கொடுத்து மற்றவரைச் சேரத் தூண்டுகிறவரையும், அவருக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், பிடிக்கிறது. திட்டம் நடத்தியவர் ஓடிப்போன பிறகு, போலீஸ் கண்ணுக்குத் தெரிபவர் அதே காலனியில் குடியிருக்கும் நீங்கள்தான்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரகு வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆனால் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ளவர் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு உள்ளவர் என்றால், பேசிய சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை அன்றே கேளுங்கள். 10 லட்சத்துக்கு 1,80,000 என்பது சின்ன வித்தியாசம் இல்லை. சொத்தை விற்பவர்கள், கொடுத்த தரகுக்கு ரசீது இருந்தால் மூலதன லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லை என்று பிறகு ஆடிட்டரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வசூலிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உறவு, தாட்சண்யம் என்று நாலாவது வருஷம் வந்து நிற்பவர்களுக்கு என்னால் காபிதான் கொடுக்க முடியும். எழுத்துமூலமான ஒப்பந்தமும் குறிப்பிட்ட தொகையும் இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது ஆர்டரின்படி சுருக்க விசாரணை கேட்கலாம். ஒப்பந்தமே எழுதவில்லை, சதவீதமும் பேசவில்லை என்றாலும் எல்லாம் போய்விடவில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த ஒரு காரியத்தின் பலனை ஒருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே, நீங்கள் உதவியாகச் செய்யவில்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். "மாமாவுக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று அவர்கள் சாட்சி சொல்வார்கள்.

போன கூட்டத்தில் ஒரு மாமி கேட்டார், "தெரிந்தவரிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா?" என்று. கேட்கவே வேண்டாம். நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். அறிமுகம் செய்த அன்று சாயங்காலமே ஒரு ஈமெயிலோ வாட்ஸ்அப்போ: "இன்று தங்கள் அலுவலகத்தில் இன்னாரை அறிமுகப்படுத்தியதில் சந்தோஷம். தாங்கள் சொன்னபடி, அவரோடு இன்ன தேதிக்குள் எந்த வகையில் ஏற்பாடு முடிந்தாலும், பணம் வர வர 2 சதவீதம் என்று குறித்துக்கொண்டிருக்கிறேன்." நாலு வரி. நம்பர் கொடுத்த உறவுக்காரருக்கும் அதே சமயம், "முடிந்தால் உனக்கு இவ்வளவு" என்று ஒரு வரி. அவர்கள் மறுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், பெட்ரோல் செலவோடு போயிற்று. மறுக்காமல் மேற்கொண்டு பேச்சை நடத்திக்கொண்டு போனால், பின்னால் அது பெரிய சாட்சி.

நீங்கள் தரகு கொடுக்கும் பக்கத்தில் இருந்தாலும் இதையே செய்யுங்கள். இரண்டு பேர் வந்து "நான்தான் கொண்டுவந்தேன்" என்று ஒரே ஆளுக்காக நிற்கும் நிலைமை கொடுப்பவருக்குத்தான் வரும். யார் முதலில் பெயரைச் சொன்னார்கள் என்று தேதி போட்டு ஒரு டயரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கடிதத்தின் நகல் ஐம்பது கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேஜையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கேள்வி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.